வாசிக்காமல் விட்ட வரி

இன்று காலை ஷிப்ட் இறங்கும் நேரத்துக்குச் சுரங்கத்து ஷாப்ட் வாசலுக்கு வந்திருந்தேன். வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. இருந்தாலும் வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் வந்து நிற்பது வழக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, நீங்கள் நாள் புத்தகம் வாசிப்பதைக் கேட்டேன். குரல் நன்றாக இருந்தது. எழுத்தை விழுங்காமல் நிறுத்தி வாசித்தீர்கள். ஆனால் மூன்று வரிதான் வாசித்தீர்கள். அந்தப் பக்கத்தில் நான்கு வரி இருக்கிறது. மூன்றாவது வரியை எழுதியவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

போன வருஷம் வரை வாசித்தவர் வேறு ஆள். நீங்கள் புதிது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியைத் தாண்டினீர்கள். வயசானவர் முகத்துக்கு நேரே அவர் செய்த தப்பை எப்படி வாசிப்பது என்று தயங்கியிருப்பீர்கள். நல்ல மனசு. அந்த நல்ல மனசைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. இதே வாசலில், இதே நாளில், நானும் நல்ல மனசோடு ஒரு வரியைத் தாண்டியவன். வீட்டுக்கு வந்ததும் கஞ்சியைக்கூடத் தொடாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு புதிதாகப் பெல் வேலைக்கு வந்திருப்பவர்களும் படிக்கட்டும்.

நேற்றுச் சேர்ந்தவருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆள் ஏறியதும் எஞ்சின் ஓட்டுபவருக்குப் பெல் அடித்து இறக்கச் சொல்வது, கீழேயிருந்து பெல் வந்தால் ஏற்றச் சொல்வது, இவ்வளவுதான். எஞ்சின் வீட்டில் இருப்பவருக்கு ஷாப்ட் வாசலும் தெரியாது, கீழே நடப்பதும் தெரியாது. நாம் அடிக்கும் பெல்லை நம்பித்தான் அவர் கைப்பிடியைத் தொடுகிறார். கேட்பதற்குச் சின்ன வேலை. மூன்று மாதம் செய்து பார்த்தவன் சின்ன வேலை என்று சொல்ல மாட்டான்.

நான் வந்து சேர்ந்தபோது பெல் பிடித்துக்கொண்டிருந்தவர் குடியாத்தம் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், எங்கேயும் தன் பெயர் வருவதை விரும்பாதவர் அவர். நாள் புத்தகத்தை ஆரம்பித்தவர் அவர்தான். வருஷத்தில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அன்றைக்கு நம் ஷாப்டில் ஏதாவது நடந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி. அடுத்த வருஷம் அதே நாளில் ஏதாவது நடந்தால் அதற்குக் கீழே இன்னொரு வரி. காலையில் ஆட்கள் இறங்குமுன் அன்றைய பக்கத்தை உரக்க வாசிப்பார். கயிறு மாற்றிய நாள், மரத் தாங்கல் முறிந்த நாள், ஒருவர் காலை இழந்த நாள் எல்லாம் அதில் உண்டு. நல்ல செய்தியும் உண்டு. ரயில் முதன்முதலில் நம் ஊருக்குள் வந்த நாளை அவர்தான் எழுதினார். மகாராணி காலமான தந்தி வந்த நாளும், காவேரியிலிருந்து மின்சாரம் வந்து விளக்கு எரிந்த நாளும் பின்னால் நான் ஏற்றிய வரிகள்.

நம் ஆட்கள் அதைப் பஞ்சாங்கமாக்கிவிட்டார்கள். பக்கத்தில் மோசமான வரி இருக்கும் நாளில் பாதிப் பேருக்கு வயிற்று வலி வரும், மீதிப் பேருக்கு மாமியார் செத்துப் போவாள். ஒருவனுக்கு மூன்று தடவை மாமியார் செத்ததாக ஞாபகம். எங்கள் லைன் வீடுகளில் ஒருத்தர் மகள் கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஜோசியரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார், புத்தகத்தில் வெறும் பக்கம் எது என்று கேட்டுக்கொண்டு. குடியாத்தத்துப் பெரியவர் இதைக் கேட்டால் எரிந்து விழுவார். நாளில் ஒன்றும் இல்லை என்பார். மழை திரும்பி வருகிறது, காற்று திரும்பி வருகிறது, அதே மாசத்தில் மரம் ஊறுகிறது, அதே மாசத்தில் மண் இளகுகிறது. அதைக் கவனிக்கத்தான் புத்தகம், பயந்து படுக்க இல்லை என்பார்.

கண் மங்கிப்போய் அவர் ஊருக்குத் திரும்பியபோது புத்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். பெரிய உபதேசம் ஒன்றும் செய்யவில்லை.

"வாசிக்கிறதுதான் உன் வேலை. சல்லடை போட்டுச் சலிக்கிறது இல்ல" என்றார்.

எனக்கு அப்போது அது புரியவில்லை. புரிந்ததுபோல் தலையை ஆட்டினேன்.

சுரங்கத்து மேலதிகாரி கேப்டன் துரைக்குப் புத்தகத்தைக் கண்டால் ஆகாது. கடல் கடந்து வந்த சுரங்கக்காரர், கெட்டிக்காரர், முன்கோபி. புத்தகத்தைக் காட்டி ஆட்கள் வேலைக்கு வராமல் போவது அவருக்குப் பெரிய எரிச்சல். இன்னொரு தடவை இந்தப் புத்தகத்தால் வேலை நின்றால் அதை பாய்லரில் போடுவேன், பின்னாலேயே உன் வேலையும் போகும் என்று என்னை எச்சரித்திருந்தார். சொன்னால் செய்கிறவர். நான் பொறுப்பேற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்து ஓய்ந்திருந்தது. ஷிப்டுக்கு முன்னால் நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேலிப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். மரியாள். நம் ஷாப்டில் வேலை செய்த சின்னப்பனின் மனைவி. இடுப்பில் ஈரமில்லாத துணி மூட்டை. முந்தின வருஷம் இதே நாளில் சின்னப்பனின் தம்பி அருளப்பன் கீழே மேற்கு முனையில் தண்ணீர் உடைத்துச் செத்துப்போனான். அந்த முனையை அதற்குப் பிறகு கல் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் கோயிலில் அவனுக்கு வருஷப் பூசை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, இன்னிக்கு அந்த வரிய மட்டும் வாசிக்காதீங்க. அவரு ஒரு மாசமா சரியா சாப்புடல. நீங்க எல்லார் முன்னாடியும் தம்பி பேர வாசிச்சா தாங்க மாட்டாரு" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. சரி தாயி, வாசிக்க மாட்டேன், போ என்றேன். அவளுக்கு முகம் தெளிந்தது. அந்த நிம்மதியில் வேறு பேச்சும் வந்தது. பூசைக்குப் போட அவர் சட்டையைத் துவைக்கலாம் என்று விடியலிலேயே மேற்குக் குழிக்குப் போனாளாம். நேற்று இடுப்பளவு இருந்த தண்ணீர் இன்று சேறாகக் கிடக்கிறதாம், துணியை அப்படியே திருப்பி எடுத்து வருகிறாளாம். நம் பக்கத்தில் அந்தக் காலத்து ஜனங்கள் தங்கம் தோண்டிவிட்டுப் போன பழைய குழிகள் உங்களுக்குத் தெரியும். மழைக்கு அவை நிரம்பும், லைன் வீட்டுப் பெண்கள் துணி துவைப்பார்கள். நான் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன். பெண்கள் துணி துவைக்கும் கதை நமக்கு எதற்கு என்ற எண்ணம்தான், வேறென்ன.

ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தொப்பியில் களிமண் உருண்டை, அதில் செருகிய மெழுகுவர்த்தி. மேஸ்திரியோடு பன்னிரண்டு பேர். புத்தகத்தைத் திறந்தேன். அன்றைய பக்கத்தில் இரண்டு வரி. முதலாவது, ஷாப்டுக்குப் புதுச் சக்கரம் ஏற்றியது. அதை வாசித்தேன். இரண்டாவதில் அருளப்பன் பெயர் கண்ணில் பட்டதும் மேற்கொண்டு பார்க்காமல் மூடிவிட்டேன். வரிசையில் சின்னப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ஒருவர் மனசைக் காத்தவன்போல் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இரண்டு நடையில் பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள்.

ஒன்பது மணி தாண்டியிருக்கும். கயிறு பார்த்த விவரத்தைக் குறித்துவைக்கப் புத்தகத்தை மறுபடி திறந்தேன். அப்போதுதான் அந்த இரண்டாவது வரியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். பெரியவர் கையெழுத்து, வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடும்.

"காலையில் ஆடு மேய்க்கிறவர் மேற்குக் குழி ஒரே ராத்திரியில் வற்றிவிட்டது என்று சொல்லிப் போனார். பெல்காரன் கேட்டும் பொருட்படுத்தவில்லை. பத்து மணிக்குக் கீழே மேற்கு முனையில் தண்ணீர் உடைத்தது. அருளப்பன் வரவில்லை."

பெல்காரன் என்று அவர் தன்னையேதான் எழுதியிருந்தார். குழியில் இருந்த தண்ணீர் வானத்துக்குப் போகவில்லை, பூமிக்குள் போயிருக்கிறது. மரியாள் வேலியில் நின்று அதைத்தான் சொன்னாள். காலையில் அந்த வரியை நான் உரக்க வாசித்திருந்தால் என் வாயே என் காதுக்குச் சொல்லியிருக்கும். வரிசையில் நின்ற மேஸ்திரியும் மேற்குக் குழியைப் பார்த்துவர ஆள் அனுப்பியிருப்பார். துக்கத்தை மறைக்கிறேன் என்று எச்சரிக்கையையும் சேர்த்து மூடிவைத்துவிட்டேன்.

கேப்டன் மைசூர் மைன்ஸ் பக்கம் போயிருந்தார். வருவதற்குப் பதினொன்று ஆகும். கீழே ஆட்களை ஏற்ற உத்தரவு கொடுக்க வேண்டியவர் அவர். நான் அபாய மணி அடித்து, ஒரு ஷிப்டு வேலையை நிறுத்தி, தண்ணீரும் வராமல் போனால் புத்தகம் பாய்லருக்கு, நான் வீட்டுக்கு. கல் சுவர் கட்டியிருக்கிறார்களே, தாங்காதா என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொன்னது. அந்தச் சமாதானத்தை நம்பி நான் நின்ற நேரம் கொஞ்சம்தான். ஆனால் அப்படி நின்றேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

எஞ்சின் வீட்டுக்கு ஓடி, ஆட்களை ஏற்றப்போகிறேன், தயாராக இருங்கள் என்றேன். எஞ்சின் ஓட்டுபவர் பௌரிங்பேட்டைக்காரர், நிதானமானவர். கேப்டன் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னே யார் சொன்னது என்றார். போன வருஷம் சொன்னது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கிட்ட பேச்சு வேணாம். போய் பெல் அடிங்க. அடிச்சா ஏத்தறேன்" என்றார்.

திரும்பி ஓடி வந்து ஒன்பது அடி அடித்தேன். அபாயம், எல்லோரும் மேலே வரவும். கீழேயிருந்து பதில் இல்லை. மறுபடி ஒன்பது. மூன்றாவது தடவை அடித்த பிறகு கீழ்ப் பெல் அசைந்தது. முதல் நடையில் ஆறு பேர் வந்தார்கள். இரண்டாவது நடையில் மேஸ்திரியும் நாலு பேரும். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஆள் மேலே வந்ததும் பலகைக்குத் திரும்ப வேண்டிய பித்தளைப் பில்லைகளில் ஒன்று திரும்பவில்லை. சின்னப்பனுடையது.

அவர் முதல் நடையில் போய்விட்டதாக மேஸ்திரி நினைத்திருந்தார். பெல் அடிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் சின்னப்பன், தம்பி இருந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு மேற்குச் சுவர்ப் பக்கம் போனாராம். மேஸ்திரிக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இறங்கிய கேஜுக்குள் திரும்ப ஏறி நின்று, அடிங்க என்றார். அடித்தேன்.

தம்பிகளே, என் வேலைக் காலத்தில் நான் எத்தனையோ முறை அந்தக் கயிறு இறங்குவதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அன்றைக்கு நின்றதுபோல் என்றும் நின்றதில்லை. மரியாளிடம் போய் என்ன சொல்வது என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நீ கேட்டபடி வாசிக்காமல் விட்டேன் தாயி, அதனால்தான் என்று எந்த வாயால் சொல்வது? என்னைச் சுற்றி நின்ற பதினொரு பேர்... இல்லை, பத்துப் பேர்தான், மேஸ்திரி கீழே இருந்தார். பத்துப் பேரும் பெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெல் அசைந்தது. மூன்று அடி. ஆள் ஏறியாயிற்று, ஏற்று.

கேஜ் மேலே வந்தபோது இரண்டு பேர் நின்றார்கள். மேஸ்திரி சின்னப்பனின் சட்டைக் கழுத்தைப் பிடித்தபடியே இருந்தார். சின்னப்பனுக்கு முழங்கால் வரை ஈரம். கையில் அணைந்துபோன மெழுகுவர்த்தி. சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் பீய்ச்சத் தொடங்கியிருந்ததாம். ஓடிவரத் திரும்பியபோது வர்த்தி அணைந்து, இருட்டில் வழி தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாராம். மேஸ்திரியின் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் கால் தரையில் பாவியதாம். எனக்கு அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தும் விட்டேன், ஈர மண்ணில்.

கால் மணி நேரம் கழிந்திருக்கும். ஷாப்ட் வாயிலிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்தது. சேற்று வாடை. அதன் பின்னால் கீழே எங்கேயோ பெரிய சத்தம், நீண்ட நேரம். வாசலைச் சுற்றி நின்ற பன்னிரண்டு பேரும் நானும் அதைக் கேட்டோம். ஒருவர் அழ ஆரம்பித்தார், இன்னொருவர் சிரிக்க ஆரம்பித்தார். சின்னப்பன் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"காலைல ஏண்ணா தம்பி பேர வாசிக்கல?" என்று கேட்டார்.

உன் மனசு தாங்காது என்றுதான் என்றேன். மரியாள் கேட்டதைச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதா இன்னிக்கு இன்னா நாளுன்னு? நீங்க வாசிப்பீங்க, எல்லாரும் தொப்பியை எடுப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க வாசிக்கல. செரி, நாமளே போயி ஒரு வர்த்தி கொளுத்தலாம்னுதான் அங்க போனேன்" என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவரை அந்தச் சுவருக்கு அனுப்பியவனும் நான்தான்.

கேப்டன் வந்து, கீழே எத்தனை பேர் என்று முதலில் கேட்டார். யாரும் இல்லை என்றதும் தொப்பியைக் கழற்றி, மரக்கட்டை மேல் உட்கார்ந்தார். பிறகு புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பெரியவர் எழுதிய வரியை வார்த்தைக்கு வார்த்தை சொல்ல வைத்தார். இதைக் காலையில் வாசித்தாயா என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்தான், சுற்றி நின்றவர்கள் யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு வாரம் பெல்லைத் தொடாதே என்றார். ஒரு வாரம் கழித்து வந்தபோது புத்தகத்தை மாட்டிவைக்கும் ஆணிக்கு மேலே மழை படாமல் ஒரு தகரம் அடித்திருந்தது. பாய்லர் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

அன்று மத்தியானம் மரியாள் ஓடி வந்தாள். சின்னப்பனைத் தலை முதல் கால் வரை தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"கேட்டது நான்தானே அண்ணா. என் பேரையும் எழுதுங்க" என்றாள்.

அவள் பேரை எழுதினேன். அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை. பெல்லைத் தொடாதே என்றாரே தவிரப் புத்தகத்தைத் தொடாதே என்று கேப்டன் சொல்லவில்லை. அவள் முன்னாலேயே உட்கார்ந்து மூன்றாவது வரியை எழுதினேன்.

"மேற்குக் குழி வற்றியதைக் காலையில் மரியாள் சொன்னார். பெல்காரன் காதில் வாங்கவில்லை, போன வருஷத்து வரியையும் வாசிக்காமல் விட்டான். ஒன்பது மணிக்கு மேல் அபாய மணி அடித்தான். பத்துக்கு முன் சுவர் உடைந்தது. கீழே ஆள் இல்லை."

அடுத்த வருஷம் இதே நாளில் அதை நானே வாசிக்க வேண்டியிருந்தது. அருளப்பன் பேர் வந்தபோது எல்லோரும் தொப்பியை எடுத்தார்கள். என் வரி வந்தபோது 'பெல்காரன் காதில் வாங்கவில்லை' என்ற இடத்தில் என் குரல் எறும்பு நடக்கும் சத்தத்துக்கு இறங்கிவிட்டது. வரிசையின் முன்னால் நின்ற சின்னப்பன், கேக்கலண்ணா, சத்தமா வாசிங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உரக்க வாசித்தேன். கடைசியில் 'கீழே ஆள் இல்லை' என்று நான் சொல்லுமுன்னே அந்தப் பன்னிரண்டு பேரும், கோயிலில் பதில் சொல்வதுபோல், சேர்ந்து சொல்லிவிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் மொத்த வரிசையும் சொன்னது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வேலையை விடும்வரை அந்த மூன்று சொல்லை நான் வாசித்ததே இல்லை.

இன்று காலை சின்னப்பன் என் பக்கத்தில்தான் நின்றார். அவரும் வேலையை விட்டுவிட்டார். நீங்கள் இரண்டாவது வரியிலிருந்து நான்காவதுக்குத் தாவியபோது அவர் என் தோளைத் தட்டி, இன்னாண்ணா, நம்ம வரியக் காணோம் என்றார். நீங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனித்திருக்க மாட்டீர்கள். வரிசையில் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து தயாராக நின்றார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு கேஜில் ஏறினார்கள்.

எனக்கு வெட்கம் என்று நினைத்துத் தாண்டாதீர்கள். அந்த வரியைக் கேட்கும்போது எனக்கு வருவது வெட்கம் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் மூச்சு ஒரு தடவை நின்று, பிறகு சுகமாக வெளியே வருகிறது. அதற்காகத்தான் வருஷா வருஷம் வந்து நிற்கிறேன். நாளைக்கும் வருகிறேன், சின்னப்பனையும் கூட்டிக்கொண்டு. ஒரு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை, பக்கத்தைத் திருப்பி வாசியுங்கள். மரியாள் பேரிலிருந்து ஆரம்பித்து, சுவர் உடைந்தது வரைக்கும் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். மீதியை அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.